லினக்ஸா விண்டோஸா சண்டை: கடைத் திண்ணையில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

தக்கலையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்து 18 வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கியதும் நாலைந்து பேர் திண்ணையில் வந்து உட்காருவார்கள். ஒருவர் மார்த்தாண்டத்தில் டிடிபி சென்டர் வைத்திருக்கிற அண்ணன். ஒரு தம்பி திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்த்துவிட்டு வாராவாரம் ஊருக்கு வருகிறவன். அப்புறம் ஒரு ரிட்டையர்டு வாத்தியார், பாலிடெக்னிக் படிக்கிற இரண்டு பயல்கள். டீ வருவதற்குள் சண்டை தொடங்கிவிடும்: கம்ப்யூட்டரை ஓட்டும் அடிப்படை மென்பொருளாக (இயங்குதளம்) மைக்ரோசாஃப்ட்டின் பூட்டிய விண்டோஸ் மேலா, யாரும் திறந்து பார்க்கக்கூடிய லினக்ஸ் மேலா என்று. கடைக்கு வருகிறவர்களும் ஏறக்குறைய அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள் என்பதால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். பதில்கள் என்னுடையவை, திண்ணையில் யாரும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை.

கம்ப்யூட்டர் ஓடினால் போதாதா அண்ணே, இதில் என்ன சண்டை?

போதும்தான், ஓடுகிற வரைக்கும். நின்றுபோனால் யார் திறந்து பார்க்கலாம் என்பதில்தான் சண்டை.

இது கிளம்பியதே ஒரு பிரிண்டரில் என்று சொன்னால் பயல்கள் நம்புவதில்லை. அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் செயற்கை அறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலாளர் வேலை பார்த்தார். அங்கிருந்த பழைய பிரிண்டரில் தாள் சிக்கினால், அச்சுக்குக் காத்திருக்கிறவர்களின் திரையில் தகவல் வருகிற மாதிரி அதன் நிரலில் கைவைத்து மாற்றியிருந்தார். 1980 வாக்கில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் புது லேசர் பிரிண்டர் வந்தது. வேகம் ஜாஸ்தி, ஆனால் அதிலும் தாள் சிக்கும், மாற்றி எழுதலாம் என்றால் மூல நிரல் (நிரலாளர் எழுதின, மனுஷன் படிக்கிற வடிவம்) கையில் இல்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அது இருக்கிறது என்று கேள்விப்பட்டு நேரில் போய்க் கேட்டால், யாருக்கும் தரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று அவர் கையை விரித்துவிட்டார். அந்தக் கோபத்தை ஸ்டால்மன் மறக்கவே இல்லை. 1983 செப்டம்பர் 27 அன்று, யாரும் திறந்து பார்த்து, மாற்றி, அடுத்தவருக்கும் கொடுக்கக்கூடிய ஒரு முழு இயங்குதளத்தை எழுதப்போவதாக அறிவித்தார். குனு என்று பெயர்.

குளச்சலில் வள்ளம் வைத்திருக்கிறவரிடம் போய், எஞ்சின் மூடியை நீங்கள் கழற்றக் கூடாது, கழற்றினால் கேஸ் போடுவோம் என்று சொல்லிப் பாருங்கள், என்ன பதில் வரும் என்று தெரியும். சாப்ட்வேரில் மட்டும் அதை நாம் படிக்காமலேயே 'ஐ அக்ரி' அழுத்தி ஒத்துக்கொள்கிறோம்.

கட்டற்ற மென்பொருள், திறமூலம், இலவசம், மூன்றும் ஒன்றுதானா?

இல்லை. இந்த விஷயத்தில் தமிழ்க்காரனுக்கு ஒரு வசதி உண்டு. இங்கிலீஷில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் ஓசிக்கும் விடுதலைக்கும் பொதுவாகப் போய்விட்டது, அதை விளக்கியே ஸ்டால்மனுக்குப் பாதி ஆயுள் கழிந்தது. நமக்கு இலவசம் வேறு, கட்டற்றது வேறு. காசு கொடுத்து வாங்கிய கட்டற்ற மென்பொருளும் உண்டு, காசில்லாமல் கிடைக்கிற பூட்டிய மென்பொருளும் உண்டு (உங்கள் போனில் இருப்பதில் பாதி அதுதான்).

திறமூலம் என்கிற 'ஓப்பன் சோர்ஸ்' 1998-இல் வந்த பெயர். நெட்ஸ்கேப் நிறுவனம் தன் பிரௌசரின் நிரலைத் திறந்துவிடப்போவதாக அறிவித்த நேரத்தில், கம்பெனிக்காரர்கள் விடுதலை என்ற பேச்சைக் கேட்டு மிரளுகிறார்கள், வேலைக்கு ஆகிற மாதிரி ஒரு பெயர் வைப்போம் என்று சிலர் கூடிப் பேசியபோது கிறிஸ்டின் பீட்டர்சன் சொன்ன சொல் அது. இரண்டு கூட்டமும் காட்டுவது பெரும்பாலும் அதே மென்பொருள்களைத்தான். ஒருவர் அது உரிமை என்பார், மற்றவர் அப்படி எழுதினால் தரம் கூடும் என்பார். வாத்தியார் முதல் கட்சி, டெக்னோபார்க் தம்பி இரண்டாம் கட்சி, இருவரும் லினக்ஸ்தான், ஆனாலும் அடிபிடி.

பூட்டிய பக்கத்துக்குத் தமிழில் சொல் வைத்ததில்தான் கோட்டை விட்டோம். புரொப்ரைட்டரி என்பதற்கும் 'தனியுரிமை' என்று எழுதுகிறார்கள், பிரைவசிக்கும் 'தனியுரிமை' என்றே எழுதுகிறார்கள். ஒருநாள் அரைமணி நேரம் காரசாரமாகப் பேசிய பிறகுதான் இருவரும் வெவ்வேறு விஷயத்தைப் பேசுகிறோம் என்றே தெரிந்தது. நான் தனியுடைமை என்று எழுதுவேன்.

விண்டோஸும் சும்மாதானே கிடைக்கிறது?

நம் ஊரில் மொத்தச் சண்டையையும் கெடுத்த கேள்வி இதுதான். வெளிநாட்டில் லினக்ஸ்காரன் 'காசு மிச்சம்' என்று சொன்னால் எடுபடும். இங்கே அசெம்பிள் செய்த மெஷின் வாங்கினால் விண்டோஸ், ஆபீஸ், போட்டோஷாப், இரண்டு சினிமா எல்லாம் சேர்த்துப் போட்டுக் கொடுப்பது பல வருஷமாக வழக்கம். ஒளிக்க ஒன்றுமில்லை, ஆரம்பத்தில் நானும் போட்டுக் கொடுத்திருக்கிறேன், கொடுக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். ஆகவே இங்கே லினக்ஸுக்கு எதிராளி காசு கொடுத்து வாங்கும் விண்டோஸ் அல்ல, திருட்டு விண்டோஸ். அதுவும் ஓசி, இதுவும் ஓசி என்றால் பழகியதை எவன் விடுவான்?

இந்த வழக்கு ரொம்பப் பழசு. 1976 பிப்ரவரியில், 20 வயசு பில் கேட்ஸ், தாங்கள் எழுதிய பேசிக் என்ற நிரல்மொழி மென்பொருளைக் கணினி ஆர்வலர்கள் காசு தராமல் நகலெடுத்துச் சுற்றில் விடுகிறார்கள் என்று கோபமாக ஒரு திறந்த கடிதம் எழுதினார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது, எழுதினவனுக்குக் கூலி வேண்டும்தானே. ஸ்டால்மன் சொன்னது அதற்கு நேர் மறுப்பும் அல்ல. கூலி வாங்கிக்கொள், மூடியைப் பூட்டாதே என்கிறார். திருட்டு விண்டோஸ்காரருக்கு இரண்டும் இல்லை, மூடியும் திறக்காது, கேட்க ஆளும் கிடையாது. உரிமப் பூட்டை உடைக்கும் கிராக் வேலை செய்வதற்காக ஆன்டிவைரஸை அணைத்து, அப்டேட்டையும் நிறுத்தி வைத்திருப்பார். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாகிரை என்ற நச்சு நிரல் பரவியபோது, அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாசம் முன்னாடி மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. அப்டேட்டை நிறுத்தி வைத்தவர்களுக்கு அது வந்து சேரவே இல்லை.

லினக்ஸ் என்றால் ஒருவர் உடனே 'குனு/லினக்ஸ்' என்று திருத்துகிறாரே?

எங்கள் வாத்தியார் அப்படித்தான். 1991 ஆகஸ்டில் ஃபின்லாந்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு இயங்குதளம் எழுதுவதாகச் சொன்னார், பொழுதுபோக்குக்குத்தான், குனு மாதிரிப் பெரிசாகவெல்லாம் வராது என்றும் சேர்த்துச் சொன்னார். அவர் எழுதியது கெர்னல், அதாவது மெஷினையும் மற்ற நிரல்களையும் இணைக்கும் இயங்குதளத்தின் மையப் பகுதி. குனுவிடம் மற்றதெல்லாம் இருந்தது, கெர்னல்தான் இழுத்தடித்துக்கொண்டிருந்தது. டோர்வால்ட்ஸ் 1992-இல் தன் கெர்னலைக் குனுவின் ஜிபிஎல் உரிமத்துக்கு மாற்றினார், இரண்டும் சேர்ந்தே ஓடத் தொடங்கின. ஆகவே திருத்துவதில் நியாயம் உண்டு. ஆனால் டீக்கடையில் ஒவ்வொரு தடவையும் திருத்தினால் புதுசாக வருகிறவன் அடுத்த வாரம் வரமாட்டான், அதையும் அவரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

மேக், ஆண்ட்ராய்டு எல்லாம் எந்தப் பக்கம்?

இரண்டும் வேலியில் உட்கார்ந்திருப்பவை. மேக்கின் அடித்தளத்துக்கு டார்வின் என்று பெயர், பிஎஸ்டி என்ற பழைய யூனிக்ஸ் இயங்குதளத்தின் வழி வந்தது, அதன் நிரலை ஆப்பிள் வெளியிடுகிறது. நாம் கண்ணால் பார்க்கிற மேல்மாடி முழுக்கப் பூட்டியது. பிஎஸ்டி உரிமத்தில் இது செல்லும்: எடுத்துக்கொள், மாற்று, திருப்பித் தர வேண்டிய கட்டாயமில்லை. சோனியின் பிளேஸ்டேஷன் 4-கூட ஃப்ரீபிஎஸ்டியை எடுத்துச் செய்ததுதான். ஜிபிஎல் அப்படி விடாது, மாற்றியதை வெளியே கொடுத்தால் அதன் நிரலையும் கொடுத்தாக வேண்டும். 'பிஎஸ்டிதான் நிஜமான சுதந்திரம்', 'இல்லை, அது ஏமாளித்தனம்' என்று இதற்குள் தனியாக ஒரு சண்டை ஓடுகிறது.

ஆண்ட்ராய்டில் கெர்னல் லினக்ஸ், அதற்கு மேலே உள்ள அடிப்படைப் பகுதியும் திறமூலம். ஆனால் பிளே ஸ்டோர், மேப், பல செயலிகள் நம்பியிருக்கும் பிளே சர்வீசஸ் எல்லாம் கூகுளின் பூட்டுக்குள். 2019-இல் அமெரிக்க அரசு ஹுவாவே மேல் தடை போட்டபோது இது வெட்டவெளிச்சமாகியது. ஆண்ட்ராய்டை எடுத்துக்கொள்ள அவர்களை யாரும் தடுக்கவில்லை, புதுப் போன்களில் கூகுள் செயலிகள்தான் கிடைக்கவில்லை. நிரல் திறந்திருந்தாலும் சாவி வேறொருவர் மடியில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. லினக்ஸ் ஜெயித்துவிட்டது, உலகத்தில் எல்லார் கையிலும் இருக்கிறது என்று தம்பி ஆண்ட்ராய்டு கணக்கைக் காட்டும்போதெல்லாம் நான் இதைத்தான் எடுத்து விடுவேன்.

லினக்ஸில் வைரஸ் வராது, திறமூலம்தான் பாதுகாப்பு என்கிறார்களே?

வீட்டு மேசையில் லினக்ஸ் வைத்திருப்பவர் ரொம்பக் குறைவு, அதனால் திருடன் அந்த வீட்டுப் பக்கம் வருவதில்லை. இது பாதிக் காரணம். மென்பொருளைக் கண்ட இடத்திலிருந்தும் இறக்காமல் ஒரே களஞ்சியத்திலிருந்து எடுப்பது மீதியில் பெரும்பங்கு. சர்வர் பக்கம் போனால் லினக்ஸையும் அடிக்கிறார்கள், அடிக்கத்தான் செய்வார்கள், உலகின் டாப் 500 சூப்பர் கம்ப்யூட்டர் பட்டியல் 2017 நவம்பரிலிருந்து முழுக்க லினக்ஸ்தான்.

'எல்லாரும் பார்க்கலாம், அதனால் ஓட்டை மறையாது' என்கிற வாதம் அழகாக இருக்கிறது. ஆனால் பார்க்கலாம் என்பதற்கும் பார்த்தார்கள் என்பதற்கும் தூரம் இருக்கிறது. இணையத் தொடர்பை ரகசியமாக வைக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறமூல மென்பொருளில் ஹார்ட்ப்ளீட் என்ற ஓட்டை 2012-இலிருந்து 2014 ஏப்ரல் வரை இரண்டு வருஷம் எல்லார் கண்ணெதிரேயும் கிடந்தது. உலகம் முழுக்க அதை நம்பியிருந்தது, அதைப் பராமரித்த ஆட்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி, இறைக்க எல்லாரும் வருவார்கள், தூர் வார ஆள் கிடைக்காது.

2024-இல் நடந்த எக்ஸ்இஸட் சம்பவம் இன்னும் மோசம், இன்னும் சுவாரசியம். லினக்ஸில் எங்கும் இருக்கும், கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்ன மென்பொருள், அதைத் தனியாளாகக் கவனித்துக் களைத்துப்போயிருந்தார் ஒருவர். ஜியா டான் என்ற பெயரில் ஒரு ஆள் இரண்டு வருஷத்துக்கும் மேல் நல்லபிள்ளையாகக் கூடமாட வேலை செய்து, நம்பிக்கை சம்பாதித்து, பொறுப்பை வாங்கிக்கொண்டு, பின்வாசல் ஒன்றை உள்ளே வைத்துவிட்டார். மார்ச் கடைசியில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் மெஷினில் எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து மெஷினுக்குள் நுழையும் வழி) நுழைவு வழக்கத்தைவிட அரை விநாடி அதிகம் எடுக்கிறதே என்று நோண்டப்போய் அதைப் பிடித்தார். அவர் வேலை பார்ப்பது மைக்ரோசாஃப்ட்டில்! நிரல் திறந்திருந்ததால்தான் வெளியாள் ஒருவர் உள்ளே போய்க் காரணத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது என்று வாத்தியார், நிரல் திறந்திருந்ததால்தான் முகம் தெரியாதவன் உள்ளே வந்தான் என்று டிடிபி அண்ணன். இரண்டும் உண்மை. அன்றைக்குத் திண்ணை கலைய ராத்திரி பத்தரை ஆகிவிட்டது.

பூட்டிய பக்கத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு கோளாறான அப்டேட், சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்களை நீலத்திரையில் உட்கார வைத்தது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தப்பு விண்டோஸுடையது அல்ல, அதன் அடிமடியில் உட்கார்ந்திருந்த இன்னொரு பூட்டிய நிரலுடையது. வாங்கினவர்களால் முன்கூட்டிப் பார்க்க முடியவில்லை என்பதுதான் விஷயம்.

நான் டிடிபி செய்கிறேன் / கணக்கு எழுதுகிறேன். மாறலாமா?

கணக்கு என்றால் டேலியிலிருந்து தொடங்க வேண்டும், அது விண்டோஸுக்காகச் செய்தது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட வைக்கும் வைன் வைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு, ஆனால் மாசக் கடைசியில் ஜிஎஸ்டி கணக்கு முடிக்கிற ராத்திரியில் உங்களுக்கு அந்த விஷப்பரீட்சை வேண்டாம். ஆடிட்டர் எதில் இருக்கிறாரோ அதிலேயே இருங்கள். இதைச் சொன்னதற்காக வாத்தியார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

டிடிபி கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டிய விஷயம். கல்யாணக் கார்டு, கோயில் கொடை நோட்டீஸ், சபைத் திருவிழா அழைப்பு என்று இந்த மாவட்டத்தில் அச்சு வேலைக்குப் பஞ்சமே கிடையாது. அந்த வேலையில் பெரும்பகுதி இன்னும் பாமினி, வானவில் மாதிரியான பழைய எழுத்துருக் குறியாக்கங்களில்தான் நடக்கிறது. திரையில் தமிழ் தெரியும், ஆனால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். எழுத்துருவை எடுத்துவிட்டால் 'அன்புடையீர்' இருந்த இடத்தில் மந்திரவாதி எழுதின மாதிரி ஏதோ தெரியும்.

ஒரு ஊர்ச் சங்கத்தின் 2006 ஆண்டு விழா மலரை மறுபடி அச்சிட வேண்டும் என்று ஒரு சிடியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கோப்புகள் பத்திரமாக இருந்தன. ஆனால் அதைச் செய்த வடிவமைப்பு மென்பொருளை அதன் கம்பெனி எப்போதோ கைவிட்டிருந்தது, புது மெஷினில் ஏறவில்லை, பழைய மெஷின் ஒன்றைத் தூசி தட்டி ஏற்றினால் எழுத்துரு இல்லை. கடைசியில் அச்சடித்த பிரதி ஒன்றைத் தேடிப் பிடித்து 80 பக்கத்தையும் திரும்ப டைப் செய்தோம். அவர்களே எழுதின மலர், அவர்களே காசு கொடுத்துச் செய்த கோப்பு, அதை அவர்களால் திறக்க முடியவில்லை. அன்றைக்குப் பிடிஎஃப் எடுத்து வைத்திருந்தால் பாதிக் கஷ்டம் இல்லை, அது எங்கள் தப்பு. விண்டோஸா லினக்ஸா என்ற சண்டையைவிடக் கோப்பு எந்த வடிவத்தில் இருக்கிறது என்ற சண்டை எனக்குப் பெரிசாகப் பட ஆரம்பித்தது அப்போதுதான்.

ஆகவே முதலில் மாற வேண்டியது இயங்குதளத்தில் அல்ல, எந்த மெஷினிலும் தமிழ் தமிழாகவே நிற்கிற யூனிகோடு என்ற பொதுக் குறியாக்கத்துக்கு. விண்டோஸில் இருந்துகொண்டே மாறலாம். அதற்குப் பிறகு கட்டற்ற மென்பொருள்களான லிப்ரே ஆபீஸ் (ஆபீஸ் வேலை), இங்க்ஸ்கேப் (படம் வரைய), ஸ்கிரைபஸ் (பக்க வடிவமைப்பு) என்று ஒவ்வொன்றாகப் பழகிப் பாருங்கள். ஸ்கிரைபஸில் முன்பெல்லாம் 'கொ' என்று அடித்தால் கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் ஓடும், 2024 ஜனவரியில் வந்த 1.6-இல் ஒழுங்காக நிற்கிறது. ஆஃப்செட்டுக்கான நான்கு வண்ண வேலை என்றால் பிரஸ்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அவர் போட்டோஷாப், கோரல்டிரா கோப்பு மட்டும்தான் எடுப்பேன் என்றால் இங்கே நான் எழுதுவதால் ஒன்றும் மாறாது.

தமிழில் டைப் செய்ய எது மேல்?

இன்றைக்கு வித்தியாசம் இல்லை. 1999-இல் சென்னை மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் ரொம்ப நாளாகவே உண்டு, விண்டோஸ் 10-இலும் வந்துவிட்டது. முகப்பு முழுக்கத் தமிழில் வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் கிடைக்கும். லினக்ஸில் உள்ளதைப் பெரும்பாலும் தன்னார்வலர்கள் ராத்திரி உட்கார்ந்து மொழிபெயர்த்தார்கள், ஒரு சொல் பிடிக்காவிட்டால் நீங்களே போய்த் திருத்தம் கொடுக்கலாம் என்பது ஒரு வசதி. படிக்கக் 'கணியம்' என்ற தமிழ்த் தளம் 2012-இலிருந்து கட்டற்ற மென்பொருள் பற்றியே எழுதி வருகிறது, பயல்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுவேன்.

களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் பள்ளிக்கூடத்திலேயே லினக்ஸ். நமக்கு ஏன் அப்படி இல்லை?

பாறசாலைப் பையனும் நம் களியக்காவிளைப் பையனும் ஒரே பஸ்ஸில் போவார்கள், ஒருவன் உபுண்டு (லினக்ஸில் ஒரு வகை) படித்தவன், மற்றவன் எம்எஸ் ஆபீஸ். (1956 நவம்பர் 1 வரைக்கும் நாமும் அந்தப் பக்கம்தான் என்று வாத்தியார் இந்த இடத்தில் தவறாமல் நினைவூட்டுவார்.)

அங்கே 2001-இல் ஐடி அட் ஸ்கூல் என்ற திட்டம் தொடங்கியது. அதே வருஷம் ஜூலையில் ஸ்டால்மன் வந்து கலந்துகொள்ள, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் பிறந்தது. ஆசிரியர்களைப் பயிற்றுவித்து, பாடப்புத்தகத்தையே கட்டற்ற மென்பொருளுக்கு ஏற்ப எழுதி, சில வருஷங்களில் பள்ளிகளை முழுக்க மாற்றினார்கள். இன்று கைட் என்ற அரசு நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தனி லினக்ஸ் செய்து, இரண்டு லட்சத்துக்கும் மேலான பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்குக் கொடுக்கிறது.

நாமும் சும்மா இருந்துவிடவில்லை. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் 2006, 2007 வாக்கில் லினக்ஸைத் தீவிரமாகக் கையிலெடுத்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு அமைப்பான சி-டாக்கின் சென்னைக் கிளை செய்த பாஸ் லினக்ஸ் 2007-இல் வந்தது. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் பல லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸும் சேர்ந்தே வந்தது. என் கடைக்கு அந்த லேப்டாப்கள் வரும், வந்ததும் முதல் வேண்டுகோள்: "அண்ணே, இந்த பாஸை எடுத்து விடுங்க, இடத்தை அடைக்குது." எத்தனை எடுத்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அதைச் சொல்லிக் கொடுக்க வாத்தியாரும் இல்லை, அதற்கென்று பரீட்சையில் கேள்வியும் இல்லை. பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தால் பிள்ளைகள் தானாகப் படித்துவிடும் என்று நினைத்தார்கள். கேரளத்தில் முதலில் வாத்தியார்களைப் பிடித்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏறவில்லை. தூக்கிப் போடவா?

வேண்டாம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைப் பிராசசரும் கேட்கிறது, அதனால் நன்றாக ஓடுகிற எத்தனையோ மெஷின்கள் ஒரே நாளில் 'பழசு' ஆகிவிட்டன. 4 ஜிபி ராம் இருந்தால் ஹார்ட்டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டு லினக்ஸில் ஒரு வகையான மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை ஏற்றுங்கள். முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டி வைஃபை, சவுண்டு, பிரிண்டர் மூன்றும் வேலை செய்கிறதா பாருங்கள். செய்தால் ஏற்றலாம், இல்லாவிட்டால் பென்டிரைவைக் கழற்றினால் பழையபடியே இருக்கும்.

எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) நல்லது? சிஸ்டம்டி வேண்டுமா வேண்டாமா?

மின்ட் போதும். சிஸ்டம்டி என்றால் என்ன என்று கேட்கிற நிலையில் இருந்தால் அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மெஷின் ஏறும்போது மற்ற நிரல்களை எழுப்பிவிடுகிற நிரல் அது. டெபியன் என்ற டிஸ்ட்ரோவின் சமூகம் அதற்காக 2014-இல் ஓட்டெடுப்பு வரைக்கும் போனது, பிடிக்காதவர்கள் பிரிந்து போய் டெவுவான் செய்தார்கள். பிடிக்காவிட்டால் இப்படிப் பாகம் பிரித்துக்கொண்டு போகலாம் என்பது இந்தப் பக்கத்தின் பலம், இத்தனை பாகம் பிரிந்ததால்தான் புதுசாக வருகிறவன் தலைசுற்றி விழுகிறான் என்பதும் உண்மை.

கேம்?

வால்வ் நிறுவனம் 2018-இல், விண்டோஸ் விளையாட்டை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் கொண்டுவந்த பிறகு, அதன் விளையாட்டுக் கடையான ஸ்டீமில் உள்ள பெரும்பாலான விண்டோஸ் விளையாட்டுகள் லினக்ஸில் ஓடுகின்றன. ஆன்லைனில் ஏமாற்றுவதைத் தடுக்கக் கெர்னல் மட்டத்தில் காவல் வைக்கும் சில விளையாட்டுகள் ஓடாது. உங்கள் பையன் விளையாடுவது அதில் ஒன்று என்றால் வீட்டில் சமாதானம் முக்கியம், விண்டோஸையே வையுங்கள்.

மைக்ரோசாஃப்ட்டே இப்போது லினக்ஸை விரும்புகிறதாமே, சண்டை முடிந்ததா?

2001-இல் அதன் தலைமை அதிகாரி ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோய் என்றார். 2014-இல் அடுத்து வந்த சத்ய நாதெள்ளா லினக்ஸை நேசிக்கிறோம் என்றார். 2016-இலிருந்து விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்ட வழி வந்தது, 2018-இல் நிரலாளர்கள் தங்கள் நிரலை வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப்பை 750 கோடி டாலருக்கு வாங்கினார்கள். மனமாற்றம் என்று தம்பி சொல்கிறான், கிளவுடில் வாடகைக்கு விடும் மெஷின்களில் பாதிக்கு மேல் லினக்ஸ் கேட்டால் யாருக்கும் நேசம் வரும் என்பது என் கணக்கு.

மறுபக்கத்தில், திறமூலத்திலேயே சம்பாதித்து வளர்ந்த ரெட்ஹேட்டை 2019-இல் ஐபிஎம் 3,400 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 2020 டிசம்பரில், ரெட்ஹேட் லினக்ஸின் இலவச நகலான சென்ட்ஓஎஸ்ஸின் பழைய வடிவத்தை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள், 2023-இல் தங்கள் லினக்ஸின் மூல நிரலைப் பொதுவில் போடுவதையும் சுருக்கி, முக்கியமாக வாடிக்கையாளருக்கு என்று ஆக்கினார்கள். ஜிபிஎல்லை மீறவில்லை, ஓரத்தில் நடந்து போனார்கள். இந்தச் செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமை டிடிபி அண்ணன் எல்லாருக்கும் தன் காசில் டீ வாங்கிக் கொடுத்தார்.

லினக்ஸ் போட்டால் மக்கர் பண்ணினால் யாரிடம் கொண்டு போவது?

நேர்மையாகச் சொன்னால், விண்டோஸ் என்றால் மார்த்தாண்டத்தில் தெருவுக்கு ஒரு கடை, லினக்ஸ் என்றால் விரல் விட்டு எண்ணலாம். ஆனால் தெருவுக்கு ஒரு கடையில் நடப்பது என்ன? ஃபார்மட். பிழைச் செய்தி என்ன சொல்கிறது என்று பார்க்காமலேயே ஃபார்மட். பூட்டிய பெட்டியில் அதற்கு மேல் நாங்களும் ரொம்ப தூரம் போக முடியாது என்பது பாதிக் காரணம், மீதி எங்கள் சோம்பல்.

ஒரு விஷயம் வாடிக்கையாளர்களுக்குத் தெரியாது. செத்துப்போன விண்டோஸ் மெஷினிலிருந்து கல்யாண போட்டோ, பேரன் வீடியோ எல்லாம் மீட்டுக் கொடுக்கிறோமே, அதை நாங்கள் லினக்ஸ் பென்டிரைவ் போட்டுத்தான் மீட்கிறோம். ஹார்ட்டிஸ்க் திணறினால் குனு டிடிரெஸ்க்யூ, அழித்த படம் என்றால் போட்டோரெக். இரண்டுக்கும் ஒரு பைசா கொடுத்ததில்லை. 'லினக்ஸெல்லாம் வேண்டாம் அண்ணே' என்று சொல்லிவிட்டு அந்தப் படங்களை வாங்கிக்கொண்டு போவார்கள், நானும் ஒன்றும் சொல்வதில்லை.

கடைசியாக, நீங்க எந்தப் பக்கம்?

கடையில் பில் போடும் மெஷின் விண்டோஸ், காசு கொடுத்து வாங்கிய உரிமத்தோடு. வேலை மேசையில் டெபியன். வீட்டில் மின்ட், என் மனைவிக்கு அது லினக்ஸ் என்றே ரொம்ப நாள் தெரியாது, சீரியல் ஓடுகிறதா என்பதுதான் கேள்வி.

டிடிபி அண்ணன் இன்றைக்கும் விண்டோஸ் கட்சிதான், விட்டுக் கொடுக்க மாட்டார். அவர் சென்டரில் பழைய லேசர் பிரிண்டர் ஒன்று இருக்கிறது, அச்சு கண்ணாடி மாதிரி விழும், டோனரும் மலிவு. ஆனால் புது விண்டோஸுக்கு அதன் கம்பெனி டிரைவர் தரவில்லை. வெளிநாட்டில் யாரோ ஒரு புண்ணியவான் அதன் உள்வேலையைப் பிரித்துப் பார்த்து லினக்ஸுக்கு ஒரு டிரைவர் எழுதிப் போட்டிருந்தான். கடையில் கிடந்த ஒரு குட்டி மெஷினில் அதை ஏற்றி, அவர் மேசைக்கு அடியில் வைத்து, நெட்வொர்க்கில் பிரிண்டரைக் கோத்துக் கொடுத்தேன். மூன்று வருஷமாக அதில்தான் அத்தனை கல்யாணக் கார்டுக்கும் புரூஃப் எடுக்கிறார். மேசைக்கு அடியில் ஓடுவது என்ன என்று பயல்கள் கேட்டால் "அது பிரிண்டர் பாக்ஸ்லே" என்பதோடு சரி.